1723க்கு மீதி எவ்வளவு?

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை. இருக்கிறாயா என்பதை நீதான் எழுத வேண்டும். உன் அத்தானின் முட்டிவலி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றலாகி வந்திருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம், எடை, வாய் மூன்றும் ஏறுமுகம்.

நேற்று வக்கீலைப் பார்த்தோம். கண்ணாடியைத் துடைக்காமல் அந்த மனிதரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. "அம்மா, உங்க தம்பிகிட்ட இந்த விஷயத்தைப் போன்ல பேசாதீங்க. கடுதாசியிலயும் எழுதாதீங்க. உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, அதோட நிறுத்திக்கோங்க" என்றார்.

ஆகவே அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். அந்த உணவகத்தில் கேஸ் சிலிண்டர் வெடித்ததையோ, சமையல்காரரும் பாத்திரம் கழுவிய அம்மாவும் கருகிப் போனதையோ, குழாயைச் சரியாக மாட்டவில்லை என்று ஃபிட்டரை உள்ளே வைத்திருப்பதையோ எழுதப் போவதில்லை. டிப்போவில் அந்தச் சிலிண்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, கசிவு இல்லை என்று சாக்பீஸ் கோடு போட்டு அனுப்பியவன் நீ என்பதையும், ஜூன் 11 விசாரணையில் "முக்கிப் பார்த்தீங்களா?" என்று உன்னைக் கேட்பார்கள் என்பதையும் எழுத மாட்டேன். "பார்த்தேன்னு ஒரே ஒரு சொல் போதும்மா, அவர் வேலை முடிஞ்சுது" என்று வக்கீல் சொன்னதையும்தான்.

பார், எனக்கு எவ்வளவு வாயடக்கம்!

நூலகத்தில் எங்கள் தலைமை அம்மையார் (நாங்கள் வைத்த பெயர் "உஷ்") பழைய செய்தித்தாள்களை மாதவாரியாகத் தைத்துக் கட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். தும்மல் ஓயவில்லை. நான் தும்மும்போதெல்லாம் அவர் "உஷ்" என்கிறார்.

உன்னை அவ்வளவு தூரத்து டிப்போவுக்கு மாற்றியது நல்லதுக்குத்தான் என்கிறார் அத்தான். அவர் நல்லதுக்கு என்று சொன்ன எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. இதுவாவது உருப்படட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அத்தானின் இரண்டு முட்டிகளையும் விசாரித்ததாகச் சொல்.

இங்கே அறை பரவாயில்லை. கட்டில், மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் டிப்போவின் மதில் சுவர். எனக்குச் சோதனை வேலை தரவில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிற லாரி, போகிற லாரி எண்களை நோட்டில் எழுதுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். 3978407. இது பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். கணிப்பொறியில் போடாதே, அது ஒரு நொடியில் சொல்லிவிடும். எனக்கு ஒவ்வொன்றாகக் கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். தனியாக முடியவில்லை. பாதி நான், பாதி நீ. பஸ் டிக்கெட் ஞாபகம் இருக்கிறதா?

தம்பி

*

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாற்பத்து நாலு வயது வரை எந்தப் பெண்ணைக் காட்டினாலும் வேண்டாம் என்றாய். கடைசியில் ஏழு இலக்க எண்ணோடு குடித்தனமா? அத்தானிடம் சொன்னேன். "பொண்ணு எந்த ஊருன்னு கேளு" என்கிறார்.

பஸ் டிக்கெட்டை மறப்பேனா? பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் டிக்கெட் எண்ணை நீ ஏழால், பதினொன்றால், பதிமூன்றால் வகுத்துக்கொண்டே வருவாய். ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறு எதுவும் மீதியில்லாமல் வகுக்காவிட்டால் அது பகா எண். பகா எண் கிடைத்த நாளில் நமக்கு அடி விழாது, அதுதான் நம் சாஸ்திரம். நான் உன் கணக்கைச் சரிபார்ப்பதுபோல உதட்டை அசைத்துக்கொண்டு வருவேன். உண்மையில் நடத்துநர் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

உன் எண்ணையும் கொஞ்சம் தட்டிப் பார்த்தேன். ஏழில் முடிகிறது, ஆகவே இரண்டும் ஐந்தும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தெட்டு, ஆகவே மூன்றும் இல்லை. இதற்கே தலை சுற்றி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

சரி, செய்கிறேன். ஆனால் இந்த எண் எங்கேயிருந்து வந்தது? லாரி எண்ணா?

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தண்ணீர் ஒத்துக்கொள்கிறது.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 1994 சொச்சம். அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய எண் ஒன்று வகுத்தால் அதன் ஜோடி சின்னதாக இருக்கும், அது முன்பே மாட்டியிருக்கும். 1994க்குள் பகா எண்கள் 301. ஆயிரத்துக்குள் இருக்கும் 168 எனக்கு. 1009 முதல் 1993 வரை 133 உனக்கு. பட்டியல் இத்துடன் வைத்திருக்கிறேன். வகுபடாவிட்டால் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, அந்தத் தாளையே திருப்பி அனுப்பு.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். பகு எண் என்று சொல்ல ஒரே ஓர் எண் வகுத்தால் போதும். பகா எண் என்று சொல்ல அத்தனையையும் பார்த்தாக வேண்டும். முந்நூறு பார்த்துவிட்டு ஒன்றை விட்டவன் எதையுமே பார்க்காதவன்தான்.

அவசரம் இல்லை. ஜூனுக்குள் முடிந்தால் போதும்.

தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். முடிந்தது! 133 டிக். உன் எண் பகா எண். தாள் இத்துடன் இருக்கிறது. உன் பக்கத்து 168உம் சுத்தம் என்றால் சாஸ்திரப்படி உனக்கு அடி விழாது.

பட்ட பாட்டைக் கேள். செய்தித்தாள் கட்டுக்கு நடுவில் தாளை ஒளித்து வைத்து வகுத்தேன். 'உஷ்' ஒருநாள் பின்னால் வந்து நின்று, "என்ன இது?" என்றார். "வருடாந்திரக் கணக்கெடுப்பு" என்றேன். மறுநாள் என் உழைப்பைப் பாராட்டி இன்னொரு அலமாரியையும் கொடுத்துவிட்டார். முதல் எண் 1009, மீதி 929. அதற்கே முக்கால் பக்கம். பிறகு கை பழகிவிட்டது. கடைசி முப்பது சொச்சம் பறந்தே போயிற்று.

இன்னொன்று. எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ஃபிட்டரின் மனைவி நூலகத்துக்கு வந்திருந்தாள். உறுப்பினர் அட்டைகூடக் கிடையாது. எதிரே உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தாள்.

"அக்கா, நான் சண்டைக்கு வரல. உங்க தம்பி அன்னிக்கு நிஜமாவே முக்கிப் பார்த்தாரா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. பார்த்தார்னா இவர்தான் தப்புப் பண்ணியிருக்கார்னு நான் மனசைத் தேத்திக்குவேன்."

"என் தம்பி பார்க்காம கோடு போட மாட்டான்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

உன்னிடம் நான் கேட்கவில்லை. கேட்டதாக எழுதவும் இல்லை.

தலைக்கு எண்ணெய் தடவு. சூட்டுக்கு நல்லது.

உன் அக்கா

*

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல சுகம். உன் கடிதம் நேற்று வந்தது. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். இரண்டு லாரிகளின் எண்களை எழுத விட்டுப் போயிற்று, திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

என் 168உம் சுத்தம். ஆக, பகா எண்.

நேற்று படுத்ததும் தூங்கிப்போனேன். பல மாதம் ஆயிற்று அப்படித் தூங்கி. ஜூன் 11 வந்து போகட்டும். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் வந்து இருக்கிறேன். அத்தானோடு உட்கார்ந்து அவர் முட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், சலிக்காமல்.

தம்பி

*

ஏப்ரல் 29

அக்கா,

1723க்கு மீதி எவ்வளவு?

தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை, அத்தானுக்கு ஒரு வணக்கமில்லை. தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும். என்ன ஆயிற்று உனக்கு?

1723க்கு மீதி 611. போதுமா? வகுத்த தாளை 'உஷ்' குப்பையில் போட்டுவிட்டார், ஆனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 611. நான் அன்றைக்குக் சோடாபுட்டி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து வகுத்தேன், பக்கத்தில் நூலகக் குமாஸ்தா சாட்சி.

இங்கே வெயில் தாங்கவில்லை. அத்தான் ஈரத்துண்டோடு நடமாடுகிறார். வக்கீல் உன்னை விசாரித்தார். வரும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். கேட்டால் ஒரே சொல், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

வெள்ளைச் சட்டை இருக்கிறதா, தைத்து அனுப்பட்டுமா?

உன் அக்கா

*

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வெள்ளைச் சட்டை இருக்கிறது.

1723க்கு மீதி எதுவும் இல்லை, அக்கா. ஈவு 2309. பெருக்கிப் பார், நேராக 3978407இல் வந்து நிற்கும்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. முக்கிப் பார்த்து முடித்ததில் பத்துக்கு ஒன்றை மறுபடி முக்க வேண்டும்: முதலாவது, பதினொன்றாவது, இருபத்தொன்றாவது, இப்படி. கை பழக்கம். உன் தாளையும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தேன். சந்தேகப்பட்டு அல்ல, சும்மா இருக்கப் பிடிக்காமல். பத்து எண்கள் சரியாக இருந்தன. பதினொன்றாவதாக எடுத்தது உன் பட்டியலின் நூற்றொன்றாவது எண்.

எனக்குக் கோபம் இல்லை. எந்த இடத்தில் நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய் என்று மட்டும் எழுது. உண்மையாக எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

தம்பி

*

மே 22

அன்புள்ள தம்பிக்கு,

உண்மையாக எழுதுகிறேன். இந்த வயதில் அது எனக்குப் புது வேலை, கை வரவில்லை.

1699 வரை ஒழுங்காக வகுத்தேன். தொண்ணூற்றெட்டு எண்கள். சத்தியமாக. அன்றைக்குத்தான் ஃபிட்டரின் மனைவி வந்தாள். அவள் போனபிறகு 1709ஐ எடுத்தேன், எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. தொண்ணூற்றெட்டு பேர் வகுக்கவில்லை, மீதி முப்பத்தைந்து பேரா வகுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். சர சரவென்று டிக் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்றும் நினைத்தேன். 611 என்று எழுதியபோது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. குமாஸ்தா சாட்சியும் பொய். அவர் அன்று விடுப்பு.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். போன ஆண்டு அக்டோபர் கட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். வெடித்த சிலிண்டரின் படம் முதல் பக்கத்தில் இருந்தது. கழுத்து வளையம் மட்டும் முழுசாக இருந்தது, அதில் எண் பொறித்திருந்தது. கண் தெரியாத வாசகர்களுக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தேன். அந்த எண்ணை ஒரு மாதமாக என் கையால்தானே வகுத்துக்கொண்டிருந்தேன்? எனக்கு மனப்பாடம்.

தம்பி, நான் கேட்கவே போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம். ஜூன் 11 அன்று "பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிடு. ஒரே சொல். நான் முப்பத்தைந்து பொய் டிக் போட்டேன், எனக்கு என்ன ஆயிற்று? பார், சாப்பிடுகிறேன், தும்முகிறேன். எல்லோரும்தான் பார்க்காமல் டிக் போடுகிறார்கள். 'உஷ்' போடுகிறார், வக்கீல் போடுகிறார், உன் அத்தான் மாத்திரை டப்பாவில் தினமும் போடுகிறார். உன்னுடையதில் மட்டும் ஏன் தீப்பிடிக்க வேண்டும்? அதற்கு நீ எப்படிப் பொறுப்பு?

அந்தப் பெண் பாவம்தான். ஆனால் எனக்கு இருப்பது ஒரே தம்பி.

உடனே பதில் போடு.

அக்கா

*

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்.

உன் கடிதத்தைப் படித்தபின் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு வரை உன் டிக் ஒவ்வொன்றும் அழுத்தி, வேறுவேறு மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சாய்வு, ஒரே வேகம். பார்த்தாலே தெரிகிறது. என் சாக்பீஸ் கோடும் அன்று நூற்றுப்பத்துக்குப் பிறகு அப்படித்தான் இருந்தது.

அன்று மொத்தம் நூற்றறுபது சிலிண்டர். நூற்றுப்பத்து வரை முக்கினேன். தொட்டித் தண்ணீர் கலங்கிப்போய்க் குமிழி தெரியவில்லை. தண்ணீரை மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "என்னண்ணே, குளிப்பாட்டி முடிச்சாச்சா, பொட்டும் வைக்கணுமா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நூற்றுப்பத்து நல்லதாக இருந்தால் மீதி ஐம்பதும் நல்லதாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நீ எழுதியிருக்கும் அதே வார்த்தை.

எனக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். எண் வகுபடாவிட்டால் "பார்த்தேன்" என்று சொல்லிவிடுவது. வகுபட்டால் உள்ளதைச் சொல்வது. சிரிக்காதே. இத்தனை வயதில் டிக்கெட் சாஸ்திரம்தான். நானாக முடிவெடுக்கத் தைரியம் இல்லை.

உன் டிக்கை நம்பிப் பதினாறு நாள் தூங்கினேன். அதற்கு நன்றி. கேலியாகச் சொல்லவில்லை, அக்கா. நிஜமாகவே நல்ல தூக்கம்.

ஆனால் பந்தயமெல்லாம் இப்போது வேண்டியதில்லை. உன்னிடம் மீதியைக் கேட்டேன், நீ 611 என்று எழுதினாய். அதைப் படித்தபோது ஜூன் 11 அன்று நான் எப்படி நிற்பேன் என்று தெரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, 611 என்று சொல்லிக்கொண்டு.

ஃபிட்டரின் மனைவி மறுபடி வந்தால், தம்பி பார்க்கவில்லையாம் என்று சொல்லிவிடு. விசாரணை வரை காத்திருக்க வேண்டாம்.

அத்தானை மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல்.

தம்பி

*

நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

இந்த விலாசத்துக்கு எழுதும் முதல் கடிதம். பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, எனக்கு வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நலம். அத்தான் மாத்திரையை என் கண்ணெதிரில் விழுங்குகிறார். வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன், காட்டுகிறார்.

ஃபிட்டர் ஆகஸ்டிலேயே வெளியே வந்துவிட்டார். அவர் மனைவி போன வாரம் நூலகத்துக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். "வந்துட்டார் அக்கா. ஆனா கை நடுங்குது. ஸ்பானரைப் பிடிக்க முடியல" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தேன். 'உஷ்' தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு தானாகவே ஓர் உறுப்பினர் அட்டை எழுதிக்கொடுத்தார்.

நீ முக்காமல் அனுப்பிய மீதி நாற்பத்தொன்பது சிலிண்டர்களையும் வீடு வீடாகத் தேடிப் பிடித்து முக்கிப் பார்த்தார்களாம், வக்கீல் சொன்னார். எல்லாம் நன்றாகவே இருந்தனவாம். ஐம்பதில் ஒன்று.

நானும் உட்கார்ந்தேன். ஓர் எண் வகுத்துவிட்டால் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை என்று நீ எழுதியது தெரியும். ஆனாலும் விட்டுப்போன முப்பத்தைந்தையும் எடுத்தேன். 1709க்கு மீதி 1564. 1721க்கு 1176. 1733க்கு 1172. இப்படியே கடைசியில் 1993க்கு 379. வகுத்த தாள்கள் அத்தனையும் இத்துடன் இருக்கின்றன. படிக்கிற ஐயா வேண்டுமானால் பத்துக்கு ஒன்று சரிபார்த்துக்கொள்ளலாம். முப்பத்து நாலு வகுக்கவில்லை. என்னுடையதிலும் ஒன்றே ஒன்றுதான்.

உனக்குக் கொடுத்த ஏழு வருடத் தண்டனை மேல்முறையீட்டில் குறையுமா என்று வக்கீலைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். வாக்கியம் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து அதையும் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குப் பாதி என்றால் ஈவு மூன்று, மீதி ஒன்று. பெரியவள் நான், அந்த ஒன்றையும் நானே எடுத்துக்கொள்வேன் என்று அத்தானிடம் சொன்னேன். "ஏழு பகா எண்டி. அவங்க பங்கு போட விடமாட்டாங்க" என்றார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் சரியாகப் போட்ட கணக்கு இது ஒன்றுதான்.

அங்கே குளிருக்குப் போர்வை தருகிறார்களா? எழுது. உண்மையாக எழுது.

உன் அக்கா